இடப்பக்கத்து எலும்பு

முதலில் அது வெறும் சுளுக்கு.
கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில்
இரண்டிலிருந்து மூன்றுக்குத் தள்ளும்போது
மணிக்கட்டில் ஒரு முனகல்.
நல்லெண்ணெய் தடவிக் கட்டினேன்.
வெலிங்டன் பஜாரில் ஒருவர் முட்டைப்பத்து போட்டார்.
வீக்கம், சின்ன உருளைக்கிழங்கு அளவு,
கட்டை மீறி வளர்ந்தது.

எக்ஸ்ரே படத்தை ஜன்னலுக்கு நேரே
தூக்கிப் பிடித்தார் டாக்டர் ஹெப்சிபா.
வெளியே மூடுபனி. அதுவே விளக்கு.
எலும்பு இருக்கவேண்டிய இடத்தில்
சோப்பு நுரை.
குமிழ் குமிழாய், முட்டைத்தோடு கனத்தில்,
யாரோ என் கைக்குள் துணி துவைத்துப் போனதுபோல்.

"புற்றா?" என்றாள் தேவகிருபை.
"இல்லை. ஆனால் தின்னும்.
ராட்சத செல் கட்டி."
அந்த ஆனாலை
இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து
வீடுவரை தூக்கி வந்தோம்.

எனக்கு அது புரிந்தது ஒன்பதாம் வளைவால்தான்.
ஐப்பசி மழையில் அங்கே தார்
மேலே பளபளவென்றிருக்கும்.
அடியில் மண் எப்போதோ போயிருக்கும்.
டயர் சொல்லும், ரோடு சொல்லாது.
நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து
பொந்தைச் சுரண்டி சிமெண்ட் ஊற்றிப் போவார்கள்.
கோவையில் எனக்கும் அதேதான்:
சுரண்டினார்கள், மருந்தால் சுட்டார்கள்,
எலும்புக்கென்றே இருக்கும் சிமெண்டை அடைத்தார்கள்.
அடுத்த மழைக்கு
ஒன்பதாம் வளைவு மறுபடி இறங்கியது.
என் கையும்.

இரண்டாம் முறை முழுசாக வெட்டி எடுத்தார்கள்.
அந்த இடத்தில் வைக்க
இடது முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பு.
அது இல்லாமலே நடக்கலாமாம்.
"உபரி மாதிரி" என்றார் உதவி டாக்டர், கூச்சப்பட்டு.
உபரியா?
பதினோரு வருஷம் கிளட்சை மிதித்த கால்.
கியர் போட்ட கைக்குள் இப்போது
கிளட்ச் மிதித்த எலும்பு.
நடுவே இருந்த அந்த அரை நொடியை
எந்தத் தட்டில் போட்டார்களோ.

கண்டக்டர் பெள்ளிராஜிடம் சொன்னேன்.
சிரித்தான். பிறகு விசிலை வாயில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் ஊதாமல் இருந்தான்.

அதற்குப் பின்தான் அபூர்வம்.
நுரையீரலில் மூன்று புள்ளி, மிளகளவு.
இப்போதும் புற்றில்லையாம்.
நூறில் இரண்டு மூன்று பேருக்கு
கெட்டதாகாமலே பயணம் போகுமாம்.
டிக்கெட் எடுக்காமல் அருவங்காடு வரை
வந்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்,
முகத்தைப் பார்த்தால் நல்லவர்கள்தான்.
மாணவர்கள் எட்டுப்பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.
ஒரு பெண் எழுதினாள்:
தர்மபாலன், ஆண், 34, ஓட்டுநர்.
எட்டிப் பார்த்து, "மலைப்பாதை" என்று
சேர்க்கச் சொன்னேன்.
சேர்த்தாள்.

மாதம் ஒரு ஊசி, வயிற்றுத் தோலில்.
எலும்பைத் தின்பவற்றின் பசியை அடக்குமாம்.
போடுமுன் பல்லைக் காட்டச் சொன்னார்கள்,
மாடு வாங்க வந்தவர்கள்போல.
விலை சொன்ன அன்று
தேவகிருபை தன் வளையலைப் பார்க்கவில்லை.
பார்த்துவிடாமல் இருக்க ரொம்பக் கவனமாக இருந்தாள்.

இப்போது குன்னூர் பஸ் ஸ்டாண்டில்
நேரக்காப்பாளர் கூண்டு.
மணிக்கட்டு பாதிதான் மடங்கும்.
கையெழுத்து நொண்டுகிறது, கால் எலும்புதானே.
புதுப்பையன் ஒருவன் ஏற்றத்தில்
கியரைக் கரகரவென்று அரைக்கிறான்.
என் கால் தரையில் எதையோ மிதிக்கிறது.
கை, அதற்கு முன்பே.

நாளைக்கு ஊசி.
தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு
பெள்ளிராஜ்தான் கோவையிலிருந்து கொண்டுவந்தான்,
அதற்கொரு அரை டிக்கெட்டும் கிழித்து, வம்புக்கு.
வீட்டில் கரண்ட் இல்லை.
ஜன்னலோரம் வைத்திருக்கிறோம்.
தை மாதத்துக் குளிர் இதற்காவது உதவட்டும்.
ஆனால் உறைந்தும் விடக்கூடாதாம்.
ஒரு தடவை அவள், ஒரு தடவை நான்
எழுந்து எழுந்து தொட்டுப் பார்க்கிறோம்,
காய்ச்சல் பிள்ளையைப் போல.
மூடிமேல் ஒட்டியிருக்கிறது
அரை டிக்கெட்.